ரெக்கார்டு பண்ணது நாம... சாவி யார் கையில்? – ஆம்பூர் வீட்டிலிருந்து ஒரு டி.டி.எச் கணக்கு

அந்த டெக்னீஷியன் தம்பி வந்து போனதே மொத்தம் 20 நிமிஷம்தான். அடிக்கடி ஹேங் ஆகிக்கொண்டிருந்த பழைய செட்-டாப் பாக்ஸைக் கழற்றினார். புதுசை வைத்து, வயரை மாட்டி, ரிமோட்டை அமுக்கினார். படம் பளிச்சென்று வந்தது. "ஓகேம்மா, மெசேஜ்ல ஓ.டி.பி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார்.

அம்மா ஓ.டி.பி சொல்லவில்லை. "தம்பி, அந்தப் பொட்டியில எங்க நைனா பேசுனது இருக்குது. அதை இதுல ஏத்திக் குடுத்துடு" என்றார்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரலே இறங்கிவிட்டது. "ரெக்கார்டிங்காம்மா? அது வராதும்மா. டிஸ்க் நல்லாதான் இருக்கும். ஆனா வேற பாக்ஸ்ல ஓடாது."

"அப்படின்னா பழசையே குடுத்துட்டுப் போ."

"அது கம்பெனிப் பொருள்மா. திருப்பிக் கொடுத்தே ஆகணும்."

அந்தப் பாக்ஸுக்கு 2014-ல் காசு கொடுத்தது நாங்கள். அதில் பதிவு செய்ததும் நாங்கள். ஆனால், அன்றைக்கு அது அவர் பைக்குள் போனது.

என்ன இருந்தது அதில்? எங்கள் தாத்தா ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பாலாற்றைப் பற்றி ஒரு சேனலில் நிகழ்ச்சி எடுத்தபோது எங்கள் ஊருக்கும் வந்தார்கள். தோளில் துண்டோடு, ஆற்று மணலில் நின்று தாத்தா ஒன்றரை நிமிஷம் பேசினார். 'சின்ன வயசுல இங்கே கையால ஊத்து தோண்டி, கொட்டாங்கச்சியில தண்ணி மொண்டு குடிப்போம்' என்று ஆரம்பிப்பார். அடுத்த இரண்டு வருஷத்தில் தாத்தா இறந்துவிட்டார். ஒவ்வொரு திதிக்கும் படையல் முடிந்ததும் அம்மா அதைப் போட்டுப் பார்ப்பார். யூடியூபில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. 'ஃபோன்ல எடுத்து வெச்சிருக்கலாமே' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. டி.வி-யில்தான் பத்திரமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

இதே வீட்டு பீரோவில் இன்னொரு பதிவும் இருக்கிறது. 1995-ல் நடந்த அப்பா, அம்மா கல்யாண வீடியோ கேசட். டேப்பில் பூஞ்சை பிடித்து, கறுப்பு உறை வெளுத்துப்போயிருந்தது. போன வருஷம் வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். இரண்டு நாளில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஓரம் கொஞ்சம் கோடு விழுகிறது, அவ்வளவுதான். கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில் தாத்தா பரிமாறுவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது.

முப்பது வருஷப் பழைய கேசட் பிழைத்துக்கொண்டது. பத்து வருஷம்கூட ஆகாத டிஜிட்டல் பதிவு போய்விட்டது. டெக்னாலஜி வளர வளர, வாடிக்கையாளர் கையில் மிஞ்சுவது குறைகிறதா? இந்தக் கேள்வியோடுதான் எங்கள் வீட்டு டி.வி கதையைத் திரும்பிப் பார்த்தேன்.

டெக் வாடகைக்கு எடுத்த ராத்திரிகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. தூர்தர்ஷன் போடுவதைத்தான் பார்க்க முடியும், போடும் நேரத்தில்தான் பார்க்க முடியும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் கரன்ட் போனால் அடுத்த வெள்ளிவரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த விதியை உடைத்தது வீடியோ டெக். "காதுகுத்தோ கல்யாணமோ, டெக் எடுத்தாதான் விசேஷம்" என்பார் அப்பா. டி.வி, டெக், மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகை. தெருவே காசு போட்டு எடுக்கும். வாசலில் டி.வி-யை வைத்து, கோழி கூவும்வரை படம் ஓடும். மூன்றாவது படத்தில் பாதிப் பேர் பாயில் தூங்கிவிடுவார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்தவர் வீடுகளில் மட்டும் சொந்த டெக் இருக்கும், அதற்குத் துணி போட்டு மூடிவைத்திருப்பார்கள்.

1984-ல் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரஸ்யமானது. ஒரு டி.வி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது தப்பா என்று அமெரிக்காவில் பெரிய வழக்கு நடந்தது. சோனி நிறுவனத்தின் மேல் யுனிவர்சல், டிஸ்னி என்ற சினிமா கம்பெனிகள் போட்ட வழக்கு அது. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், தப்பில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. ஒரே ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் வீட்டு ரெக்கார்டரின் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

அதே 1984-ல் தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. வீடியோ கேசட் ரெக்கார்டர் மூலம் டி.வி திரையில் சினிமா காட்டுவதை முறைப்படுத்தி, லைசென்ஸுக்குள் கொண்டுவரும் சட்டம். அங்கே பிரச்னை, ஒரு ஆள் தன் வீட்டில் பதிவு செய்வது. இங்கே பிரச்னை, ஒரு தெருவே சேர்ந்து படம் பார்ப்பது. டெக் என்ற ஒரே கருவியை இரண்டு ஊரும் எப்படிப் பயன்படுத்தின என்பது இதிலேயே தெரிகிறது. நம்மூரில் டெக்கில் 'பதிவு' பட்டனை அமுக்கியவர்கள் குறைவு. எங்கள் பெரியப்பா மட்டும் கிரிக்கெட் மேட்ச்சைப் பதிவு செய்து, லேபிள் ஒட்டி அடுக்கி வைத்திருந்தார்.

மாடியில் முளைத்த டிஷ்

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி வந்தது. கேபிள் கம்பி தெருத்தெருவாக ஓடியது. 2006-ல் அரசின் இலவச கலர் டி.வி திட்டம் தொடங்கி, டி.வி இல்லாத வீடுகளுக்கும் பெட்டி வந்தது. 2007-ல் அரசு கேபிள் டி.வி நிறுவனம் பதிவானது. அதற்காகத் தொடங்கப்பட்ட கட்டுப்பாட்டு மையங்களில் வேலூரும் ஒன்று. நடுவில் படுத்துப்போய், 2011-ல் மாதம் 70 ரூபாய் என்ற கட்டணத்தோடு மறுபடி எழுந்தது.

இன்னொரு பக்கம் டி.டி.எச். 2003-ல் டிஷ் டி.வி, 2004-ல் தூர்தர்ஷனின் இலவச சேவை, அப்புறம் வரிசையாக மற்ற நிறுவனங்கள். கேபிள்காரரிடம் சண்டை போட வேண்டாம், கம்பி அறுந்தால் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

வானத்தில் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை நம்பி வாழ்வதிலும் சிக்கல் உண்டு என்பது 2010-ல் தெரிந்தது. அந்த வருஷம் ஜூலை 7-ல் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சக்திக் கோளாறு. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மீசாட்-3 என்ற வேறொரு செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியிருந்தது. வானத்தில் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஆனால், அதற்காக வீடு வீடாக மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். அப்போது எங்கள் வீட்டில் கேபிள். எதிர் வீட்டு மாடியில் ஒருவர் ஸ்பேனரோடு நிற்க, கீழேயிருந்து "வந்துச்சு... போச்சு... கொஞ்சம் இந்தாண்ட" என்று கத்திக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஷிப்ட் முடிவதற்குள் சீரியல் முடிந்துவிடும்

எங்கள் வீட்டுக்கு டி.டி.எச் வந்ததற்குக் காரணம் அம்மாவின் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என இந்தத் தோல் பெல்ட்டில் ஷூ கம்பெனிகளை ஓட்டுவதே பெண்கள்தான் என்று சொல்லலாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையில் கம்பெனி பஸ் அள்ளிக்கொண்டு போகும், இருட்டினால்தான் கொண்டுவந்து விடும். அம்மா தையல் செக்‌ஷன். ஷூவின் மேல்பாகத்துக்கு நாள் முழுக்க மெஷினில் தையல் போடுகிற வேலை. வீட்டுக்கு வர ஏழேகால் ஆகும். அதற்குள் இரண்டு சீரியல் முடிந்திருக்கும். வந்ததும் அடுப்படி. அடுத்த இரண்டும் காதில் மட்டும்தான் விழும்.

"மத்தியானம் சாப்பிடறப்போ எல்லாரும் கதை பேசுவாங்க. நான் மட்டும் 'அப்புறம் இன்னா ஆச்சு?'னு கேட்டுக்கினு இருப்பேன்" என்பார்.

அதனால்தான் 2014 தீபாவளி போனஸில் ரெக்கார்டர் உள்ள எச்.டி பாக்ஸ் வாங்கினோம். 'சீரீஸ் ரெக்கார்டிங்' என்று ஒருமுறை போட்டுவிட்டால் தினமும் தானாகப் பதிவாகும். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். தம்பியின் கிரிக்கெட் சண்டை அதோடு முடிந்தது. பாத்திரம் கழுவி முடித்து, ஒன்பதரை மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்து அம்மா ரிமோட்டை எடுப்பார். அரை மணி நேரச் சீரியலை விளம்பரத்தை ஓட்டிவிட்டு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேலே முடித்துவிடுவார்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். காலையில் பஸ் நேரம், மத்தியானம் சாப்பாட்டு மணி, சாயங்காலம் டார்கெட் என்று எல்லாமே மற்றவர்கள் வைத்த நேரத்தில் ஓடும் ஒரு பெண்ணுக்கு, நாளில் ஒரு மணி நேரம் தன் இஷ்டப்படி கிடைத்தது. அந்தப் பெட்டிக்கு நாங்கள் கொடுத்த காசு அதற்குத்தான்.

பூட்டு எங்கே இருக்கிறது?

அப்புறம் ஏன் அந்தப் பதிவு போனது? விசாரித்துத் தெரிந்துகொண்டது இதுதான். கேசட்டில் பதிவானது படமும் சத்தமும். எந்த டெக்கில் போட்டாலும் ஓடும். டி.டி.எச் பெட்டியில் பதிவாவது வானத்திலிருந்து வரும் டிஜிட்டல் சிக்னல். அதை ஹார்டு டிஸ்க்கில் பூட்டுப் போட்டே சேமிக்கிறார்கள். பூட்டைத் திறக்கும் சாவி அந்தக் குறிப்பிட்ட பெட்டியோடும் உங்கள் கணக்கோடும் கட்டப்பட்டிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. எங்கள் பெட்டியில் ரீசார்ஜ் முடிந்த நாளில் பழைய பதிவுகள்கூட ஓடவில்லை. அதாவது, போன வருஷம் பணம் கட்டிப் பதிவு செய்ததைப் பார்க்க, இந்த மாதமும் பணம் கட்ட வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் காப்பிரைட் சட்டம், 1957-ல் 39-வது பிரிவு இருக்கிறது. ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வது ஒளிபரப்பு உரிமையை மீறியதாகாது என்கிறது அது. ஆக, பதிவு செய்வதை நம் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், அந்தப் பதிவைப் பெட்டி மாறினாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் தாத்தாவின் ஒன்றரை நிமிஷம் விழுந்துவிட்டது.

திருட்டு நகலைத் தடுக்கத்தான் பூட்டு என்பது நிறுவனங்கள் தரப்பு வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. புதுப் படத்துக்கு மறுநாளே திருட்டு டி.வி.டி வந்த ஊர்தான் இது. ஆனால், பழுதான பெட்டியிலிருந்து அதே வாடிக்கையாளரின் புதுப் பெட்டிக்கு, அதே கணக்கில் மாற்றிக் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பெட்டி ஒரு நிறுவனத்தோடு ஒட்டியிருப்பதும் இதன் இன்னொரு முகம்தான். செல்போனில் சிம் மாற்றுவதுபோல, ஒரே பெட்டியில் எந்த நிறுவனத்தின் சேவையையும் பார்க்க வழி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரை செய்தது. அது இன்னும் நம் வீட்டு ஹாலுக்கு வந்து சேரவில்லை.

போட்டி குறைந்தால் பில் குறையுமா?

2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறை வந்தது. 'பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு' என்றார்கள். முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், 18% ஜி.எஸ்.டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. காகிதத்தில் நல்ல யோசனைதான். ஆனால், எங்கள் பகுதியில் ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் உருது, இந்தப் பக்கம் தெலுங்கு. டி.டி. உருது இலவசம். அதற்கு மேல் இந்தி சேனல்கள் வேண்டும் என்றால், தமிழ் பேக்கோடு இன்னொன்றும் சேர வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மொழி என்றால் இரண்டு செலவு. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. போட்டியே விலையைக் கட்டுக்குள் வைக்கும் என்பது நம்பிக்கை.

டி.டி.எச் சந்தையைப் பாருங்கள். 2020 கடைசியில் நாடு முழுக்கச் சுமார் 7 கோடி கட்டணச் சந்தாதாரர்கள் இருந்தார்கள். 2025 தொடக்கத்தில் அது 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. சிலர் இலவச டிஷ்ஷுக்குப் போனார்கள், சிலர் ஃபோனுக்குப் போனார்கள். வாடிக்கையாளர் குறையும் தொழிலில், பழைய பெட்டி வைத்திருக்கும் வாடிக்கையாளரின் பதிவைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

கேபிள் பக்கம் போனால் மட்டும் நிம்மதியா? 2022 நவம்பரில் மென்பொருள் சேவை கொடுத்த நிறுவனத்தோடு எழுந்த சிக்கலில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான செட்-டாப் பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் இருண்டன. வானத்தில் கோளாறு இல்லை, கம்பி அறுபடவில்லை. சாவி வேறு எங்கோ இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது எல்லாம் ஃபோனில்

2016-ல் ஜியோ வந்த பிறகு கதை மாறியது. இப்போது கம்பெனி பஸ்ஸிலேயே ஃபோனில் சீரியல் ஓடுகிறது. ஒரு ஹெட்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் பார்ப்பார்கள். அம்மாவுக்கும் இதில் குறையில்லை. "பஸ்ஸுலயே முடிச்சிட்டேன்" என்று இறங்குகிறார். நேரத்தை நம் கைக்குக் கொடுத்ததில் ஓ.டி.டி-யை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், அங்கேயும் நம்முடையது என்று ஒன்றும் இல்லை. இன்றைக்கு இருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்தால் நாளைக்கு இருக்காது. ஆப்களே ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெயர் மாறுகின்றன. 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆனது சமீபத்திய உதாரணம். 'டவுன்லோடு' பண்ணி வைப்பதும் கெடு வைத்த இரவல்தான்.

சீரியல் போனால் பரவாயில்லை, இன்னொரு சீரியல் வரும். நம் வீட்டு மனிதர்கள், நம் ஊர் ஆறு, நம் தெருத் திருவிழா எப்போதாவது திரையில் வந்தால், அதற்கு இன்னொரு எபிசோடு கிடையாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பெட்டியில் பதிவு செய்த முக்கியமான ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே டி.வி திரையை ஃபோனில் வீடியோ எடுத்துவிடுங்கள். தரம் சுமாராகத்தான் இருக்கும். ஆனால், இருக்கும்.

* பெட்டி வாங்கும்போது அது விலைக்கா, வாடகைக்கா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். நாங்கள் தவறவிட்டது இதைத்தான்.

* பெட்டியை மாற்ற ஆள் வரும் முன்பே, பதிவுகள் என்னவாகும் என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்குப் போகலாம்.

* அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான மதிப்புக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

* பீரோவில் வி.எச்.எஸ் கேசட் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வி.சி.ஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனம் என்று சொல்லப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், 2016-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. டேப் நன்றாக இருந்தாலும், போட்டுப் பார்க்க மெஷின் கிடைப்பது வருஷா வருஷம் குறையும். பென் டிரைவில் ஏற்றினால், இன்னொரு இடத்தில் ஒரு காப்பி வையுங்கள்.

போன மாதம் தாத்தாவின் திதி. படையல் முடிந்தது. வழக்கம்போல அம்மா டி.வி பக்கம் திரும்பினார், பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். "தாத்தா என்ன பேசினார், நீயே சொல்லேன்" என்றேன். முதலில் சிரித்தார். அப்புறம் ஊற்று தோண்டியது, கொட்டாங்கச்சி, மணல் சூடு என்று தாத்தாவின் அதே இழுவையில் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றரை நிமிஷம் இல்லை, பதினொரு நிமிஷம். டி.வி-யில் வராத கதையும் அதில் இருந்தது. அவருக்குத் தெரிந்தேதான் ஃபோனில் பதிவு செய்தேன். லேப்டாப்பில் ஒன்று, தம்பியிடம் ஒன்று என்று காப்பியும் போட்டாயிற்று.

போட்டுக் காட்டியபோது அம்மா முழுசாகப் பார்த்தார். பிறகு கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"ஏன்டி, இதுக்கு ரீசார்ஜ் போட வேணாம்ல?"